ஒரு முழம் தள்ளி நின்ற புல்

மச்சான்,

காலையிலிருந்து தூறல். வரப்பைத் தாண்டி, உங்கள் கொப்பரை உலர்த்தும் அறையிலிருந்து காய்ந்த புல் எரிகிற வாசனை வருகிறது. உங்கள் மகன் மூட்டியிருக்கிறான். ஜன்னலைச் சாத்தினேன். அப்படியும் வருகிறது.

நம் தோப்புகளுக்கு நடுவே நீங்கள் யானைப்புல் நட்டபோதே எனக்குச் சந்தேகம். வரப்போரம் எதையாவது நடுகிறவன் நிலத்தைத் தின்னத்தான் நடுகிறான். என் சொந்த அண்ணனிடம் பட்ட அனுபவம் அது. உங்களிடம் நேராகவே கேட்டேன்.

"தேங்காத்தொட்டியெல்லாம் கரிக் கம்பெனிக்காரன் அள்ளீட்டுப் போயர்றானுங்க மாப்ள. வெறகுக்கு மரமில்லை. மழைக்காலத்துல கொப்பரைக்குச் சூடு வேணுமல்லங்க? வெட்ட வெட்டத் தழையறது இதுதானுங்க," என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை.

எரிப்பதற்காகப் புல்லை முற்றி மஞ்சளாகும்வரை விட்டீர்கள். மாடு வளர்க்கிற நம் ஊரில் புல்லை இளசிலேயே அறுத்துவிடுவார்கள். வேலந்தாவளம் சந்தையில் ஒருவர் கேலி செய்தார்: "ஏனுங்க, மாட்டுக்குப் பல்லு உழுகட்டும்னு உட்டு வெச்சிருக்கீங்களா?"

"என்ற அடுப்புக்குப் பல்லு கெட்டிங்க," என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள், என்னைத் தவிர.

அடுத்த தழைவு பச்சையாக நின்றபோது கண் அறுவைக்காகக் கோவை போனீர்கள். அந்த வாரம் நான் அரிவாளோடு இறங்கினேன். வரப்பில் பாதி என்னுடையது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, முழுவதையும் அறுத்து என் மாடுகளுக்குப் போட்டேன்.

ஐப்பசி மழை விடாமல் பிடித்தது. எரிக்க உங்களிடம் ஒன்றுமில்லை. உடைத்துப் போட்ட தேங்காய் அத்தனையும் பூசணம் பூத்தது. கறுப்புக் கண்ணாடியோடு என் வாசலுக்கு வந்து நின்றீர்கள்.

"உங்க மாடு நல்லாத் தேறியிருக்குதுங்க மாப்ள."

அவ்வளவுதான் சொன்னீர்கள். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். அதற்கு வழிவிடாமல் போனதை இன்னும் மன்னிக்கவில்லை.

நீங்கள் இறந்தபின் உங்கள் பிள்ளைகளுக்குப் பாகம் பிரிக்க சர்வேயர் வந்தார். வரப்பு முழுவதும் உங்களுடையது என்றார். புல் வரிசை அதற்கும் உள்ளே, உங்கள் பக்கம் ஒரு முழம் தள்ளி நின்றது. அவர் போனதும் என் கையாலேயே அளந்தேன். ஒரு முழம்தான்.

அந்த இடத்தை எதற்காக விட்டு நட்டீர்கள்? என்னை நம்பாமலா, என்னை நன்றாகத் தெரிந்ததாலா? உயிரோடிருந்தபோது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இப்போது எதை எடுக்கக் கை நீட்டினாலும், முழங்கையிலிருந்து விரல் நுனிவரை அந்த ஒரு முழம் கூடவே வருகிறது.