நிலவில் இடம் பார்ப்பவருக்கு

திருமயம்,
18-3-1968

நிலவில் இடம் பார்க்கிற மகானுபாவருக்கு,

உங்கள் மனைவி சாலா எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். நான் மட்டும் சுகமில்லை.

நேற்று உங்கள் தந்தி வந்தது. பிள்ளை கூட்டிக்கொள்ளப் பூரண சம்மதம் என்று உங்கள் ஆத்தாவுக்கு அடித்திருக்கிறீர்கள். யாரோ பெற்ற பிள்ளையைச் சுவீகாரம் எடுத்து என் மடியில் உட்கார வைக்க, என்னை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா? எனக்கு இருபத்தாறு வயதுதான் ஆகிறது. பிள்ளை பெற எனக்கு ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் புருஷன்தான் இல்லை. கல்யாணமான மூன்றாம் மாதம் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியவர், நாலு வருஷமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

எல்லாம் நீங்கள் அனுப்பிய போட்டோவால் வந்த வினை. மனிதர்கள் போய் இறங்க நிலவில் பார்த்து வைத்த இடம் என்று எழுதி அனுப்பினீர்கள். உங்கள் ஆத்தா அதற்குக் கண்ணாடி போட்டு வீட்டு நடுவில் மாட்டிவிட்டார்கள். வருகிறவர்களிடமெல்லாம், "எங்க உடையப்பன் அமெரிக்காவுல வாங்கிப் போட்ட எடம். அங்கிட்டு இங்கிட்டு ரெண்டு பள்ளம் இருக்கு, மண்ணப் போட்டுத் தூத்துக்கிருவான்" என்று ஒரே பெருமை. அது நிலா என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். "ஒனக்கு வயித்தெரிச்சல்" என்றார்கள். மலேயாவில் தோட்டம் வாங்கிய குடும்பமாயிற்றே, வேறு எப்படித் தோன்றும்! அம்புட்டு எடத்தையும் ஆள ஒரு பிள்ளை வேண்டாமா என்று பேச்சு கிளம்பி, சித்திரையில் நாளும் குறித்தாகிவிட்டது.

உங்கள் கடிதங்களைப் படித்துப் படித்து அந்த வேலை எனக்கே அத்துப்படி. தரை சமமாக இருக்க வேண்டும். பாறை கூடாது. இறங்கி வரும் வழியில் மேடு குறுக்கிடக் கூடாது. நிழலை அளந்து மேட்டின் உயரத்தைக் கண்டுபிடிக்கிறீர்கள். ஆளை அனுப்பும் முன் இயந்திரத்தை இறக்கி, மண் தாங்குமா என்று வேறு பார்த்தீர்களாம். முப்பது இடத்தில் ஐந்தை நிறுத்திக்கொண்டு மற்றதைக் கழித்துவிட்டீர்களாம். அடேயப்பா, என்ன அக்கறை! என்னை இந்த வீட்டில் கொண்டுவந்து இறக்கினீர்களே, எதைப் பார்த்தீர்கள்? குடும்ப வழக்கப்படி நமக்கென்று தனி அடுப்பு வைத்துக் கொடுத்தார்கள். அதில் ஒற்றை ஆளுக்குச் சோறு வடிக்கிறேன். அடுத்த அடுப்பிலிருந்து உங்கள் ஆத்தா ஜாடை பேசுகிறார்கள். கழித்துப் போட்டவற்றில் நானும் சேர்த்தியா?

நாள் குறித்த அன்றே முடியாது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். மனைவி சம்மதிக்காமல் சுவீகாரம் செல்லாதாம், புதுக்கோட்டை வக்கீலிடம் கேட்டாகிவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் யாரும் என்னோடு பேசுவதில்லை. பேச வேண்டாம். சித்திரை பிறக்கும் வரை இருப்பேன். அதற்குள் வருவதானால் வாருங்கள். இல்லையென்றால் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவேன், அங்கு வந்து கூப்பிட்டாலும் வரமாட்டேன்.

நீங்கள் பார்த்துக் கொடுத்த இடத்தில் இறங்குகிறவர்கள் நல்லபடியாக இறங்கட்டும். ஒரு குறையுமில்லாமல் திரும்பி, அவரவர் பெண்டாட்டியிடம் போய்ச் சேரட்டும். அதை மட்டும் மனதார வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இன்றுவரை உங்கள் மனைவி,
சாலா