லாசரஸ், 2025

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆராதனை முடிந்து கோயில் வாசலில் நின்று இருபது பேருக்காவது சொல்லியிருப்பேன். ஐம்பது என்றே வைத்துக்கொள்ளலாம். வருகிற வெள்ளிக்கிழமை அடையாறில் ஒரு பெரிய கேலரியில் என் போட்டோவை மாட்டுகிறார்கள். எடுத்தது என் அக்கா மகள் ஜெரூஷா. கல்யாண வீட்டில் வரிசையாக நிற்கவைத்து எடுக்கிற போட்டோகிராபர் இல்லை அவள். சுவரில் மாட்டி, படித்தவர்கள் கை கட்டி நின்று பார்க்கிற போட்டோ எடுக்கிறவள். பல நாடுகள் சுற்றியவள். ஒரு தடவை கொழும்புக்குப் போய் வந்தாள்.

மே மாதம் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் எங்கள் கம்பெனிக்கே வந்து எடுத்தாள். கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு, பின்னால் கம்பெனி போர்டு தெரிகிற மாதிரி, ரெண்டு மணி நேரம் அசையாமல் நின்றேன். ராஜாக்கள் நின்றிருப்பார்களே, அப்படி. ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு இப்படி ஒரு நாள்.

சபைச் செயலாளர் ஆரோன், "எவ்ளோ பெருசு அண்ணே?" என்று கேட்டார். ஆறடி என்றேன். ஜெரூஷா சொன்னது நாலடி. சுவரில் ஏறிவிட்டால் எல்லாம் பெரிசாகத்தானே தெரியும்?

சபை டைரக்டரியில் என் பெயருக்கு நேரே 'நிர்வாக அதிகாரி' என்று அச்சாகியிருக்கிறது. இனி அதற்கும் ஒரு மதிப்பு.

ஆகஸ்ட் 6, புதன்

கோட்டு வெளுத்து வந்தது. பட்டன் எட்டவில்லை. லாண்டரிக்காரன் சுருக்கிவிட்டான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மோசம் போய்விட்டேன்.

கோட்டோடு போய் இறங்கினேன். என் மனைவி தபீதாள் பட்டுச்சேலை கட்டியிருந்தாள். உள்ளே நுழைந்ததும் முதல் சுவர். எல்லோரும் அங்கேதான் கும்பலாக நிற்கிறார்கள். விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தால் — நான் இல்லை. என் நாற்காலி.

வெறும் நாற்காலி. கேட்டில் நான் உட்காருகிற சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. உடைந்த காலுக்கு மூங்கில் பத்தை கொடுத்துக் கட்டுக்கம்பி சுற்றியது. உட்காருகிற இடத்தில் மடித்த சிமெண்ட் சாக்கு. முதுகில் என் பச்சைத் துண்டு. கீழே சின்ன அட்டையில் 'லாசரஸ், 2025.'

போட்டோ எடுத்த அன்றைக்கு நடுவில் ஒரு லாரி வந்தது. கேட் திறக்கப் போனேன். அந்த ரெண்டு நிமிஷத்தில் எடுத்திருக்கிறாள். அப்போ ரெண்டு மணி நேரம் வயித்த எக்கிக்கிட்டு நின்னேனே, அது எதுக்கு?

பக்கத்தில் ஒரு பெண், "பாவம், யாரோ வாட்ச்மேனோட சேர்" என்று சொன்னது காதில் விழுந்தது. தபீதாள் கிட்டே போய் உற்றுப் பார்த்துவிட்டு, "அந்தத் துண்டு இங்க இருக்கா? வீடு முழுக்கத் தேடினேன்" என்றாள். இவளுக்குத் துண்டு கவலை.

வாட்ச்மேன். பதினோரு வருஷமாக இந்த நோட்டில்கூட நான் எழுதாத வார்த்தை. அட்மின் என்று எழுதியிருக்கிறேன், கேட் கண்ட்ரோல் என்று எழுதியிருக்கிறேன். தபீதாளையும் அக்கா குடும்பத்தையும் தவிர யாருக்கும் தெரியாது. இவள் நாலடிக்கு மாட்டி, பேரும் போட்டு, விளக்கும் அடித்திருக்கிறாள்.

ஜெரூஷாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் வந்துவிட்டேன். போனை அணைத்து பீரோவில் வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? முகத்தைத்தான் அவள் எடுக்கவே இல்லையே.

பதினோரு மணிக்கு எதிர்வீட்டு ஏகநாதன் வந்தார். கையில் ரோஜா மாலை. நான் பனியனோடு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். மனுஷன் வாசலிலேயே நின்றுவிட்டார். மாலையை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். ரோஜா மாலையை எங்கே மறைக்கிறது?

விஷயம் இதுதான். நேற்று ஆரோன் கேலரிக்குப் போயிருக்கிறார். ஆறடி லாசரஸைத் தேடியிருக்கிறார். காலி நாற்காலி, மேலே விளக்கு, கீழே பெயர், பெயருக்குப் பக்கத்தில் வருஷம். நம் ஆட்களுக்குப் பெயரும் வருஷமும் சேர்ந்து வந்தால் வேறு என்ன அர்த்தம்? எனக்குப் போன் போட்டிருக்கிறார். அணைந்திருக்கிறது. போட்டோவை அப்படியே எடுத்து, 'நம் சகோதரர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று சபை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். அங்கிருந்து தெருவுக்கு வந்துவிட்டது. காலையில் ஆராதனையில் எனக்காக ஒரு நிமிஷம் எழுந்து நின்றார்களாம்.

மாலையை வாங்கி நானே போட்டுக்கொண்டேன். "உயிரோட இருக்கறப்பவே மாலை வாங்கின ஆள் பொழிச்சலூர்ல நான் ஒருத்தன்தான் சார்" என்றேன். ஏகநாதன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 

ஆகஸ்ட் 11, திங்கள்

டூட்டி முடிந்து வந்தால் ஜெரூஷா காத்திருக்கிறாள். ஒரு மாமன் மருமகளைக் கேட்கக்கூடியது எல்லாம் கேட்டேன். பாதியில் தலைக்கு மேலே விமானம் இறங்கியது. எங்கள் பேட்டையில் சண்டை போடுகிறவர்கள் இதற்காக நிறுத்தித்தான் ஆகவேண்டும். அது போகிறவரை ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொண்டு நின்றோம்.

போனதும் மெதுவாகச் சொன்னாள்: "கோட்டுல நீங்க யாரோ மாதிரி இருந்தீங்க மாமா. முந்நூறு படத்துலயும் யாரோதான் இருக்காங்க."

"அந்த உடைஞ்ச நாற்காலிதான் நானா?"

"நீங்களா கம்பி சுத்தி, நீங்களா பத்தை வெச்சு... அதுல ஒரு பொய்கூட இல்ல மாமா."

பொய். என்னைப் பார்த்து.

அப்புறம் சொன்னாள், அந்தப் படத்தை வைத்துத்தான் மொத்தக் கண்காட்சியுமாம். அடுத்த திங்கள் கண்காட்சிப் புத்தகம் அச்சுக்குப் போகிறதாம், அட்டைப்படம் அதுதானாம். ஆனால் நான் வேண்டாம் என்றால் சுவரிலிருந்தும் எடுத்துவிடுவாளாம், அட்டையிலிருந்தும் எடுத்துவிடுவாளாம். கேட்காமல் எடுத்தது தப்புதான் என்றாள். கண் கலங்கியிருந்தது. மூணு வருஷ உழைப்பு.

இருக்கட்டுமே. என் பதினோரு வருஷம்?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார மனசு வரவில்லை. மதியம்வரை நின்றே டூட்டி பார்த்தேன். முழங்கால் கழன்றுவிட்டது. கடைசியில் உட்கார்ந்தேன். சத்தம் போடாமல் தாங்கியது.

ஆகஸ்ட் 16, சனி

லீவு போட்டு கேலரிக்குப் போனேன். படத்தை உடனே இறக்கவேண்டும் என்று கைப்பட எழுதிய கடிதம் சட்டைப்பையில். கோட்டு போடவில்லை.

படத்துக்குக் கிட்டே போனதும், நீலச் சீருடை போட்ட ஒரு அம்மா, "சார், லைனத் தாண்டாதீங்க" என்றார். அங்கே செக்யூரிட்டி. பெயர் செல்லியம்மாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒரு காலில் நின்று, கொஞ்சம் பொறுத்து மறு காலுக்கு மாறிக்கொண்டிருந்தார். அந்த மாற்றம் எனக்குத் தெரியும்.

"என்னம்மா இருக்கு இந்தப் படத்துல?" என்று கேட்டேன்.

"வர்றவங்கல்லாம் இதான் சார் நின்னு பாக்கறாங்க. எனுக்கு இன்னான்னா, ஒரு வாட்டி அதுல குந்திகினா எப்டி இருக்கும்னுதான் சார் தோணுது."

அந்த ஹாலில் காவலுக்கு ஒரு நாற்காலி கிடையாது. காலை பத்திலிருந்து சாயங்காலம் ஏழுவரை நிற்கிறாராம். உட்கார்ந்தால் பார்க்க நன்றாயிருக்காதாம். சுவரில் நாலடிக்கு ஒரு நாற்காலி, அதற்குக் காவல் ஒரு அம்மா, அந்த அம்மாவுக்கு உட்கார இடமில்லை.

"அந்தக் கம்பிய பாருங்க, எப்டி சுத்திகீறாரு. கால் வலி தெரிஞ்ச மனுஷன். செத்துட்டாராம், பாவம்."

"சாகல. நான்தான்மா அது."

அதோடு எனக்குக் கோபம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. மேனேஜர் ரேஷ்மாவைக் கூப்பிடச் சொன்னேன். நல்ல பெண்தான், மரியாதையாகத்தான் பேசியது. நாற்காலி போட்டால் டிஸ்ப்ளே கெட்டுவிடும் சார் என்றது. கடையில் நிற்கிறவர்களுக்கு உட்கார இடம் தரவேண்டும் என்று சட்டமே இருக்கிறதம்மா என்றேன். கேலரி கடை இல்லையே சார் என்றது. அப்போதுதான் சொன்னேன்.

"பதினோரு வருஷமா நான் வாட்ச்மேன்மா. சட்டம் தெரியாட்டி போவுது, எந்த மணிக்கு எந்தக் கால் வலிக்கும்னு எனக்குத் தெரியும்."

ஹாலில் இருநூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சரி, ஒன்பது பேர். அந்த ஒன்பதில் ஜெரூஷாவும் இருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. ரேஷ்மாவிடம் போய், "இவங்களுக்கு சேர் வரலன்னா நான் அந்தப் படத்த இப்பவே கழட்டறேன்" என்றாள்.

நான் கேட்க வந்ததை அவள் கேட்டாள். என் கடிதத்துக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

ஆபீஸ் ரூமிலிருந்து ஒரு நாற்காலி வந்தது. நல்ல மெத்தை வைத்தது. செல்லியம்மாள் நுனியில் உட்கார்ந்தார். சாய்ந்து உட்காருங்கம்மா என்றேன். சாய்ந்தார். என் படத்துக்கு நேர் கீழே.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஜெரூஷா போன் செய்தாள். நான் சரி என்றுவிட்டதால் அதே அட்டையோடு புத்தகம் அச்சுக்குப் போகிறது, உள்ளே பெயருக்குப் பக்கத்தில் 'உயிரோடு இருக்கிறார்' என்று போடட்டுமா மாமா என்று கிண்டல். வேண்டாம் என்றேன். பைபிளில் நாலாம் நாள் கல்லறையிலிருந்து எழுந்து வந்தவன் பெயர்தான் எனக்கு, தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இருந்தாலும் கோட்டுப் போட்ட படத்தில் ஒன்று உள்பக்கத்தில் சின்னதாகப் போடலாம். கேட்டேன். முடியாது என்றுவிட்டாள். திமிர்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். நாலு பேர் தொட்டுப் பார்த்தார்கள். ஆரோன் மன்னிப்புக் கேட்டார். புது டைரக்டரி அச்சடிக்கிறார்களாம். என் பெயரைக் கைதவறிக் கோடு போட்டு அடித்துவிட்டதாகவும், திரும்பச் சேர்க்கவேண்டும் என்றும் சொல்லி, பேனாவோடு நின்றார்.

"தொழில் பழையபடி நிர்வாக அதிகாரிதானே அண்ணே?"

வாட்ச்மேன் என்று எழுதச் சொன்னேன். அவர் பேனா அப்படியே நின்றது. 

"எழுதுங்க ஆரோன். வாட்ச்மேன்."

எழுதினார். ஹெட் வாட்ச்மேன் என்று போட்டுக்கொள்ளலாம் என்று அப்புறம் சொன்னேன். எங்கள் கேட்டில் இருப்பது நான் ஒருத்தன்தான். ஹெட்டும் நான்தானே?