தங்க உறுப்பினர்

அலுவலக வேலை என்று அடிக்கடி வெளியூர் போகிறவருக்கு,

நேற்று சுற்றுலாக் கப்பல் கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினாள். "வாழ்த்துகள் மேடம்! நீங்களும் சாரும் திரும்பத் திரும்ப எங்க கப்பல்லயே வர்றதால தங்க உறுப்பினர் ஆயிட்டீங்க. அடுத்த பயணம் ரெண்டு பேருக்கு இலவசம்" என்றாள். குளத்துப் படகைப் பார்த்தாலே குமட்டும் எனக்கு!

கூட்டிப்போனவளுக்கு என் பெயரைக் கொடுத்தீர்களே, சலுகையும் என் பெயரில்தானே வரும்? அந்த மூளைகூட இல்லை.

இலவசத்தை விடுவானேன்? வாந்தி மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். கூட வருவது உங்கள் அம்மா. விஷயத்தைச் சொன்னதும் எனக்கு முன்னால் பெட்டியைக் கட்டியது அத்தைதான்.

"வழக்கமான தலையணைதானே மேடம்?" என்று பதிவு செய்யும்போது கேட்டாள் அந்தக் கம்பெனிப் பெண்.

"அது வேற ஆளோடது. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வைங்க" என்றேன்.

வீட்டுப் பூட்டும் புதிதுதான். கையிலிருக்கும் சாவியை நுழைத்துப் பார்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்களோடு ஒருமுறைகூடக் கப்பலேறாத தங்க உறுப்பினர்