தண்ணீர்மலையானிடம் நான் கேட்டது

சிவமயம்

குயீன் ஸ்ட்ரீட், பினாங்கு
மாசி மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகள் உமையாளுக்கு ஆத்தா எழுதிக்கொள்வது. இங்கே நானும் வீடும் கடையும் சுகம். அங்கே உன் வலது மணிக்கட்டைத் தவிர மற்றதெல்லாம் சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய், வாட்சாப்பில் எழுதினால் நீலக்கோடு இரண்டும் வருகிறது, நான் கேட்டதற்குப் பதில் வருவதில்லை, அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். இதைக் கோபத்தில் மடித்து வைத்தாலும் மறுபடி பிரித்துப் படிப்பாய், பெற்றவளுக்குத் தெரியாதா. கடிதம் அப்பச்சியின் பெட்டியில், பருப்புப்பொடி டப்பாவுக்கு அடியில் இருக்கும். என்னைக் கட்டினவருக்கே அது தெரியாது. உன் ஆப்பரேஷனுக்கு முதல் நாள் பார்சிலோனாவில் உன் கதவைத் தட்டுவார், பெட்டியைத் திறப்பதும் நீயாகத்தான் இருக்கும், அவருக்கு என்றைக்குப் பெட்டி பிரிக்கத் தெரிந்தது.

கடையில் நோன்புப் பெருநாள் வியாபாரம் சூடு பிடித்துவிட்டது. பாஜு குரோங் துணி கட்டுக்கட்டாக வந்து இறங்குகிறது, அளந்து கொடுக்க ஆள் போதவில்லை, இந்த நேரத்தில் கடைச்சாவியை மேசைமேல் வைத்துவிட்டு உன்னிடம் புறப்படுகிறார் உன் அப்பச்சி. என் கையில்கூடக் கொடுக்கவில்லை, மேசைமேல் வைத்தார். ராம்நாத் வீட்டில் இன்னும் உன்னைப் பெண் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். கோலாலம்பூரில் பேங்க் உத்தியோகம், சம்பந்தம் செய்யக் கோயில் பிரிவும் ஒத்துப்போகிறது, இந்தக் காலத்தில் இதற்குமேல் என்ன வேண்டும். உன் கையைப் பற்றிச் சொன்னேன். தோசை சுட முடியுமா என்று கேட்டாள் அந்தப் பையனின் ஆத்தா. இடது கையால் சுடுவாள் என்றேன். சிரித்தாள், நானும் சிரித்தேன். நீ வெயிலில் காய்ந்த கருவாடாகிவிட்டாய் என்பதை அவளிடம் சொல்லவில்லை, உன் பழைய போட்டோவைத்தான் காட்டியிருக்கிறேன்.

வீட்டில் ஏதாவது சண்டையா ஆத்தா, உன்னைப் பற்றிக் கேட்டாலே அப்பச்சி பேச்சை மாற்றுகிறார் என்று இரண்டு தடவை எழுதியிருந்தாய். கூடவே, ஆத்தா எனக்காகத் தண்ணீர்மலையானிடம் வேண்டிக்கொள், கை பழையபடி ஆகணும் என்றும் எழுதியிருந்தாய். இரண்டுக்கும் ஒரே பதில்தான். அதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று அப்பச்சி உத்தரவு. தைப்பூசத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய ஒரே வார்த்தை அதுதான், பிள்ளைக்குத் தெரியக் கூடாது என்று. ராத்திரிச் சாப்பாடெல்லாம் நாசி கண்டார் கடையில். என் கையால் தண்ணீர்கூட வாங்குவதில்லை. சரி, அவர் உத்தரவு அவரோடு. இந்த வீட்டில் என் உத்தரவைக் கேட்டு என்றைக்குக் காரியம் நடந்திருக்கிறது?

போன வருஷம் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள், நினைவிருக்கிறதா. நீ குடியிருந்த வீட்டை வெட்டி எடுத்து ஒரு தட்டில் வைத்தார்கள், நீ துருக்கியில் ஏதோ ஒரு கடற்கரை ஊரில் டென்னிஸ் தகுதிச் சுற்று ஆடிக்கொண்டிருந்தாய். பந்து பொறுக்கிப் போடக்கூட ஆளில்லாத போட்டி, பார்க்க நான்கு பேரும் ஒரு பூனையும் இருந்ததை போனில் நானே பார்த்தேன். ஆறுக்கு ஒன்று, ஆறுக்குப் பூஜ்யம் என்று தோற்றாய். சரி, தோற்றுவிட்டாளே, வந்துவிடுவாள், தையல் பிரிக்கிற அன்றைக்குப் பக்கத்தில் இருப்பாள் என்று படுத்துக்கொண்டே கணக்குப் போட்டேன். நீ வரவில்லை. அடுத்த வாரமும் அங்கேயே போட்டி இருக்கிறது ஆத்தா என்றாய். அடுத்த வாரமும் தோற்றாய். ஜெயித்துவிட்டு வராமல் இருந்திருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். தோற்பதற்காக ஒருத்தி தாயை விட்டுவிட்டு இருப்பாளா? அன்றைக்கு எனக்குள் ஏதோ ஒன்று கெட்டிப்பட்டுப் போனது, அது இன்றைக்கு வரைக்கும் இளகவில்லை.

கந்த சஷ்டி அன்றைக்கு அப்பச்சியும் நானும் ஒரே காடியில் ஏறித் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனோம். எனக்கு அடிவயிறு இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. ஒரே சன்னிதியில் ஒரே நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆளுக்கொரு வேண்டுதல் வைத்தோம். என்ன வேண்டினாய் என்று அவரும் கேட்கவில்லை நானும் கேட்கவில்லை, நிறைவேறுகிற வரைக்கும் வேண்டுதலை வெளியே சொல்லக் கூடாது என்பது நம் வீட்டு வழக்கம், உனக்கே தெரியும். அவர் வேண்டியது பிறகு தெரிந்தது. உமையாள் ஒரே ஒரு ஃபைனல் ஆடிவிட்டால் தைப்பூசத் தேருக்கு முன்னால் நூற்றெட்டுச் சிதறுதேங்காய் உடைக்கிறேன் என்று வேண்டியிருக்கிறார். பார்த்தாயா, முப்பது வருஷம் துணி வியாபாரம் பண்ணின மனுஷர், கெஜத்துக்குப் பேரம் பேசுகிறவர், சாமியிடம் போய் ஃபைனல் என்று கேட்டிருக்கிறார். கோப்பை என்று கேட்கத் தெரியவில்லை. ரொம்பக் கேட்டால் கிடைக்காது என்று பயமாம். நான் அப்படியெல்லாம் பயப்படவில்லை. அவள் கையிலிருக்கிற மட்டையைக் கீழே போட வை, அவள் வீட்டுக்கு வரட்டும், நான் பால்குடம் எடுக்கிறேன் என்று தெளிவாகக் கேட்டேன். உன் உயிருக்கோ முகத்துக்கோ ஒன்றும் வரக் கூடாது என்றும் சொன்னேன், நான் ஒன்றும் ராட்சசி இல்லை. மணிக்கட்டு என்று நான் சொல்லவே இல்லை, அது அவன் எடுத்த முடிவு.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் ஃபைனல். கடை மேசையில் துணிக்கட்டுமேல் போனைச் சாய்த்து வைத்திருந்தார் அப்பச்சி. பக்கத்துக் கடை மணி சேஞ்சர் ஜாஹிர் அவர் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து, ஆச்சி நம்ம புள்ள ஃபைனல் வந்திருச்சு லா என்று எல்லாருக்கும் சூடாகத் தே தாரே டீ வாங்கிக் கொடுத்தார். புடவை எடுக்க வந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். முதல் செட் நீ ஜெயித்தாய். அப்பச்சி அந்தச் சின்னக் கண்ணாடித் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். இரண்டாவது செட்டில் பந்தைத் திருப்பி அடித்த வேகத்தில் உன் மட்டை கீழே விழுந்தது. அந்தச் சத்தம் கடைவரைக்கும் கேட்டது. நீ மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மண்டிபோட்டாய். கடையே ஐயோ என்றது. நானும் ஐயோ என்றேன், வாய்தான் சொன்னது. அத்தனை மாசமாக வயிற்றுக்குள் இருந்த கல் இறங்கின மாதிரி இருந்தது எனக்கு. உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும், சந்தோஷப்பட்டேன். நீ அழுதுகொண்டே நடுவரிடம் தலையாட்டினபோது, இனி வந்துவிடுவாள், அவள் அறைக்குப் புது மெத்தை வாங்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

கேட்டது கேட்டபடி கிடைத்ததால் அவர் அவர் கடனைத் தீர்த்தார், நான் என் கடனைத் தீர்த்தேன். வெள்ளித்தேர் வந்தபோது ஒவ்வொரு தேங்காயையும் ரோட்டில் ஓங்கி அடித்தார் உன் அப்பச்சி, சில்லு தெறித்து நெற்றியில் ரத்தம். மறுநாள் நான் மஞ்சள் கட்டிப் பால்குடம் எடுத்தேன். அவர் என்ன நினைத்தார் தெரியுமா, உன் கை குணமாகத்தான் எடுக்கிறேன் என்று நினைத்துவிட்டார். வழி முழுக்க என் பாதத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தார். ஏறுவதற்குப் படி அத்தனை இருக்கிறதே, தையல் போட்ட வயிறு பொன்னம்மை, நான் வேண்டுமானால் தூக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டே வந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் அவ்வளவு கனிவாக இருந்ததில்லை. அபிஷேகம் முடிந்து இறங்கும்போது வெறுங்குடத்தை அவர்தான் வாங்கிக்கொண்டார். கடன் தீர்ந்ததல்லவா, இனிச் சொல்லலாம், என்ன வேண்டின என்று கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். அந்தக் கனிவு முழுக்க உனக்காகத்தான், எனக்கு அதில் ஒரு சொட்டுகூட இல்லை என்று திடீரென்று உறைத்தது. சொல்லிவிட்டேன். குடத்தைப் படியில் வைத்தார். சத்தம்கூட வராமல் மெதுவாக வைத்தார். கூட்டத்துக்குள் இறங்கிப் போய்விட்டார், நான் தனியாகத்தான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

ஆப்பரேஷன் செய்தால் வருஷக் கடைசியில் மறுபடி ஆடலாம் என்று டாக்டர் சொன்னதாக அப்பச்சி ஜாஹிரிடம் சொல்லிக்கொண்டிருந்தார், எனக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னார். உன்னைத் திரும்ப வரவழைக்கத்தான் வேண்டினேன், இப்போது என்னோடு இருந்த ஒருத்தரும் உன்னிடம் வருகிறார், இதுதான் எனக்குக் கிடைத்த பிரசாதம். இதைப் படித்து முடித்ததும் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி என் கடிதத்தைச் சுமந்து வந்து உன் கையில் கொடுத்தவர் அவர்தான். நீ கேட்டால் அவருக்கு மறுக்கத் தெரியாது, பாவம்.

காலையில் வெறும் வயிற்றில் அவர் சர்க்கரை மாத்திரை போட வேண்டும், நினைவுபடுத்து. பருப்புப்பொடி டப்பாவை இறுக்கி மூடி வை, அந்த ஊர்க் குளிரில் கட்டி தட்டிவிடும். ஆப்பரேஷன் அன்றைக்குக் காலையில் நானும் தண்ணீர்மலைக்குப் போகிறேன். நீ சொன்னபடியே உன் கையைப் பற்றித்தான் வேண்டுவேன். என்ன வேண்டுவேன் என்று மட்டும் கேட்காதே. நிறைவேறுகிற வரைக்கும் வெளியே சொல்லக் கூடாதல்லவா.

தீர்க்காயுசாக, சகல சௌபாக்கியத்தோடு நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன்னைப் பெற்ற ஆத்தா,
பெ. பொன்னம்மை