வீட்டில் எத்தனை பேர்

புதன், இரவு.

கப்பலூர் கம்பெனியில் இன்று இன்டர்வியூ. எதிரே இருந்த மேடம், "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்றார்.

"மைசெல்ஃப் செல்வின்னு ஆரம்பிக்காத. ஐ ஆம் செல்வின்னு சாதாரணமா சொல்லு" என்று அண்ணன்தான் பழக்கியிருந்தான். அப்படியே சொன்னேன். ஊரும் படிப்பும் தடுமாறாமல் வந்தன. கூடவே, "தேர் ஆர் ஃபோர் ஆஃப் அஸ் அட் ஹோம்" என்பதும் வந்துவிட்டது.

"யார் யாரு?" என்று தமிழிலேயே கேட்டார்.

"அப்பா, அம்மா, நான்" என்றேன். அண்ணன் பங்குனியில் பைக் விபத்தில் இறந்துவிட்டான் என்று எந்த மொழியிலும் சொல்ல முடியவில்லை.

"பதட்டத்துல ஒரு ஆளைக் கூடுதலா எண்ணிட்டீங்க போல" என்று சிரித்தார். ஆமாம் என்று தலையாட்டினேன். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்.

வீட்டில் அம்மா கேட்டாள். "இங்கிலீசுல என்னடி கேட்டாக?"

"பேரு கேட்டாகம்மா. அம்புட்டுத்தான்."

அம்மா அண்ணன் படத்துக்கு விளக்கேற்றினாள். "நீ சொல்லிக் குடுத்ததுதான்டா, தங்கச்சிக்கு வேலை கெடச்சிருச்சு" என்று அவனிடம் சொன்னாள். என்னையும் வந்து கும்பிடச் சொன்னாள். தலை வலிக்கிறது என்று படுத்துவிட்டேன். நாலு பேர் இல்லை என்று நான் ஆட்டிய அந்தத் தலையாட்டலை அவன் பார்த்திருப்பானோ என்று படத்தின் முன்னால் போய் நிற்க முடியவில்லை.