விரல் போகாத இடம்

புரட்டாசி, வியாழக்கிழமை.

அருங்காட்சியகத்துக்கு இன்று ஒரு தூக்குவிளக்கு வந்தது. போன மாதம் அதைத் தருவதாகச் சொன்ன அக்கா வீட்டில் பார்த்தபோது அதன்மேல் பச்சையாகக் களிம்பு படர்ந்திருந்தது. விளக்கின் பழமையைச் சொல்லும் அந்தக் களிம்பைச் சோதிக்கத்தான் கெமிஸ்ட்ரி படித்த என்னை வேலைக்கு எடுத்திருக்கிறார்கள்.

இன்று துணியைப் பிரித்தால் விளக்கு தங்கம் மாதிரி மின்னுகிறது.

“ஒருத்தருக்குக் குடுக்குற சாமான அழுக்கோட குடுக்கலாமா மக்கா? ரெண்டு நாளா புளி போட்டுத் தேச்சேன்” என்று அக்கா கறுத்துப்போன விரல்களைக் காட்டினார். எனக்கு அழுகை வந்தது. ரொம்ப நன்றி அக்கா என்றேன். தேய்க்காதீர்கள் என்று முன்பே சொல்லத் தோன்றவில்லை. எங்கள் வீட்டிலும் இதைத்தான் செய்திருப்போம்.

அவர் போனபின் டார்ச் அடித்துப் பார்த்தேன். சங்கிலி மாட்டும் வளையத்தின் உள்ளே, விரல் போகாத இடத்தில், துளி பச்சை மிச்சம் இருந்தது. சாப்பாட்டை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மா நாளை வெள்ளிக்கிழமைக்குக் குத்துவிளக்கு தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, குலசேகரத்துல ரப்பர் பேக்டரி லேப் வேலைக்கு என்ன சொல்ல? மாமா கேக்காரு. பழைய பாத்திரம் தொடைக்கவா எம்.எஸ்சி. படிச்ச?”

“தொடைக்க விடாம பாத்துக்கதுதாம்மா வேலை. நான் வரலேன்னு சொல்லிரு.”

 அம்மா புளியை என் பக்கம் தள்ளினாள். “அப்போ இதத் தேயி.”

தேய்த்தேன். கழுத்து வளையத்துக்கு உள்ளே மட்டும் விரலை விடவில்லை.