மரத்துப் போகாத பல்

அன்பு மகள் சிட்டுவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் கை வருகிறது, ஆனால் உன் அம்மா பட்ட பாட்டுக்குப் பிறகு அப்படி எழுதினால் பொய்யாகிவிடும். போனில் பேசினால் நான் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, மற்றபடி வீட்டுச் செய்தி எல்லாம் அம்மாவின் பல்தான்.

அந்தக் கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு வேர் சிகிச்சை செய்யத் தெருமுனை பல் டாக்டரிடம் போனோம். ஊசி போட்டார், உதடு மரத்ததா என்று கேட்டார், இவளும் தலையாட்டினாள். மெஷின் பல்லில் பட்டதுதான் தாமதம், உடம்பே தூக்கிப்போட்டது. கையை உயர்த்தினாள். அதே இடத்தில் இன்னொரு ஊசி போட்டார், மறுபடி அதே கதை. அந்த மனுஷன் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, கதவோரம் நின்ற என்னைப் பார்த்து, "நல்லா மரத்துப்போச்சு சார், பயத்துல வலிக்குதுங்கிறாங்க, நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க" என்றார். பேக்கரி அடுப்பில் முழங்கை வரை சுட்டுக்கொண்டு, ஈரத்துணியைச் சுற்றியபடி வேலையை முடித்துவிட்டு வந்தவள் உன் அம்மா. அவளுக்கா பயம்? அவ வலிக்குதுன்னா வலிக்குது என்று சொல்லிவிட்டு, கழுத்தில் கட்டிய காகிதத்தோடு அப்படியே அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு எந்த டாக்டரும் வேண்டாம் என்று பிடிவாதம். கஞ்சி கூட ஒரு பக்கமாகத்தான் இறங்கியது. எனக்கு மனசு கேட்கவில்லை, என்னோடு வேலை பார்த்தவர் சொன்ன ஒரு லேடி டாக்டரிடம் கெஞ்சிக் கூட்டிப்போனேன். அந்தம்மா முதலில் நடந்ததை முழுசாகக் கேட்டார். வயிற்றுப்புண், ரத்த அழுத்தம் ஏதாவது உண்டா என்று விசாரித்து, வீக்கம் குறைக்கும் மாத்திரை கொடுத்து, வெளியே உட்கார வைத்தார். அப்புறம் ஊசி. உதடு மரத்த பிறகும் மெஷினைத் தொடவில்லை, சில்லென்ற பஞ்சை அந்தப் பல்லில் வைத்துப் பார்த்தார். கூசியது. "உதடு மரத்தா பல்லும் மரத்துடுச்சுன்னு அர்த்தம் இல்லம்மா. உள்ள நரம்பு வீங்கிக் கெடக்கு, அதுக்கு ஒரு ஊசி பத்தாது. உங்க மேல தப்பில்ல" என்றார். கன்னத்துப் பக்கம் ஒன்று, பல்லை ஒட்டினாற்போல் ஒன்று போட்டு, மறுபடி பஞ்சு வைத்தார். ஒன்றும் தெரியவில்லை என்று இவள் சொன்ன பிறகுதான் வேலையை ஆரம்பித்தார். வலியே இல்லை. ஆனால் முடிந்ததும் அம்மா அழுதாள். அவ்வளவு வலியிலும் அழாதவள்.

இப்போது என் கோபம் அந்தத் தெருமுனை ஆள் மேல் மட்டும் இல்லை. வீங்கின பல்லுக்கு இப்படி அடிக்கடி ஆகும், பல் டாக்டர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான் என்று அந்த டாக்டரம்மா சாதாரணமாகச் சொல்கிறார். அப்படியானால் பல் டாக்டரான நீயும் இதைப் படித்ததுதானே? அந்த ஆளிடமிருந்து நாங்கள் திரும்பி வந்த அன்றைக்குப் போனில் என்ன சொன்னாய்? "ஊசி போட்டா வலிக்காதுப்பா, அம்மா பயந்துட்டா, அவ்வளவுதான்." ஸ்பீக்கரில் இருந்தது, அம்மா பக்கத்தில்தான் இருந்தாள். தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எவனோ ஒரு டாக்டர் நம்பாததை அவள் தாங்கிக்கொண்டாள், பெற்ற மகள் நம்பாததைத்தான் தாங்க முடியவில்லை. இதை அவள் சாகும்வரை உன்னிடம் சொல்லமாட்டாள், அதனால் நான் சொல்கிறேன்.

நீயும் தினமும் எத்தனையோ பேரை அந்த நாற்காலியில் உட்கார வைக்கிறாய். உன் கை அவர்கள் வாய்க்குள் இருக்கும்போது அவர்களால் பேச முடியாது, கையைத் தூக்கினால் அதுதான் பேச்சு. யார் தூக்கினாலும் நிறுத்து. நம்பு.

நேரத்துக்குச் சாப்பிடு, கண் விழித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருங்கள். இதைப் படித்து முடித்ததும் எனக்குப் போன் செய்யாதே, அம்மாவுக்குச் செய். முதல் தடவை எடுக்கமாட்டாள். மறுபடி கூப்பிடு.

கோபமும் பிரியமும் குறையாத
அப்பா